சீஸ்ஸ்டேக்கா, பிரிமான்டியா? திறந்தவெளி ஹாக்கியின் நிஜ மோதல்

ஹாக்கி என்றதும் கோவில்பட்டி நினைவுக்கு வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், இது ஐஸ் ஹாக்கி சமாச்சாரம். அதிலும் அதன் ஒரு விசித்திரமான கிளை. அமெரிக்கா, கனடா அணிகள் மோதும் என்.எச்.எல். லீக்கின் ஆட்டங்கள் எல்லாம் கூரை போட்ட அரங்குக்குள்தான் நடக்கும். வருடத்துக்கு இரண்டு மூன்றை மட்டும் லீக் வெளியே தூக்கிக்கொண்டு போய், பேஸ்பால் மைதானத்திலோ அமெரிக்க ஃபுட்பால் ஸ்டேடியத்திலோ திறந்த வானத்தின் கீழ் நடத்துகிறது. உள்ளரங்கில் இருபதாயிரம் பேர் உட்கார்ந்தால் அதிகம். வெளியே ஐம்பதாயிரம், எழுபதாயிரம், ஒருமுறை லட்சத்தையே தாண்டியிருக்கிறார்கள்.

ஆட்டமாக மட்டும் பார்த்தால் இது சுமார் ரகம்தான். ஐஸ் தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். ஃபுட்பால் மைதானத்தின் நடுவே அதை வைத்தால் எந்தப் பக்கத்து இருக்கையிலிருந்தும் தூரம். பக் என்கிற அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு மூன்று அங்குலம். மேல் அடுக்கில் இருப்பவர் அதைப் பார்ப்பதில்லை, ஆட்டக்காரர்கள் திரும்பும் திசையை வைத்து ஊகிக்கிறார். காற்று ஒரு பக்கமாக அடிக்கும் என்பதால் மூன்றாவது பீரியடின் (ஆட்டத்தின் கடைசிப் பகுதி) பாதியில் அணிகள் பக்கம் மாறிக்கொள்வதும் உண்டு. ஐஸ் கரடாக இருக்கும், பாஸ் துள்ளும், நேர்த்தியான ஆட்டத்தை யாரும் எதிர்பார்க்கக் கூடாது.

அப்படியிருந்தும் டிக்கெட்டுக்கு அடிதடி ஏன்? குழந்தைப் பருவத்தில் உறைந்த குளத்தில் ஆடிய நினைவு, இயற்கையோடு மோதல் என்று லீக் ஒரு கதை சொல்லும். நான் அதை நம்புவதில்லை. ஃபிலடெல்பியா ஃபிளையர்ஸ் ரசிகனாக நான் கண்ட வரையில், வெளி ஆட்டத்துக்கு ஆள் சேர்ப்பது எதிரில் நிற்கிற ஊர். ஆட்டத்துக்கு நான்கைந்து மணி நேரம் முன்பே கார் நிறுத்துமிடத்தில் அடுப்பை மூட்டி, எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக்கு முன்னால் உங்கள் ஊர்ச் சாப்பாடு எம்மாத்திரம் என்று வம்பிழுப்பதில் பாதி மோதல் முடிந்துவிடும். கூரை அரங்கில் இதற்கெல்லாம் இடமும் இல்லை, நேரமும் இல்லை. அந்த வாய்த்தகராறுக்கு ஒரு முழுநாளையும் நாற்பது ஐம்பது ஏக்கர் தார்த்தரையையும் ஒதுக்கிக் கொடுப்பதுதான் திறந்தவெளி ஆட்டம்.

வானிலையை முதலில் முடித்துவிடலாம். லீக் விற்கிற சரக்கு அதுதான், கைவிடுவதும் அதுதான். 1991 செப்டம்பரில் லாஸ் வேகாஸில் சீசர்ஸ் பேலஸ் சூதாட்ட விடுதியின் கார் நிறுத்துமிடத்தில் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸும் நியூயார்க் ரேஞ்சர்ஸும் ஒரு காட்சி ஆட்டம் ஆடின. வெப்பம் 29 டிகிரி செல்சியஸ், விளக்கு வெளிச்சத்துக்கு வெட்டுக்கிளிகள் வந்து ஐஸில் விழுந்தன. 2001 அக்டோபரில் மிச்சிகன் ஸ்டேட், மிச்சிகன் பல்கலைக்கழக அணிகள் ஃபுட்பால் ஸ்டேடியத்தில் மோதியபோது 74,554 பேர் திரண்டார்கள், ஆட்டம் 3-3 டிரா. என்.எச்.எல். விழித்துக்கொண்டது அதற்கப்புறம்தான். 2003 நவம்பரில் எட்மன்டனில் முதல் அதிகாரபூர்வ வெளி ஆட்டம், கிட்டத்தட்ட மைனஸ் 18 டிகிரியில். மான்ட்ரியால் கோல்கீப்பர் ஜோசே தியோடோர் முகக்கவசத்துக்கு மேலே கம்பளிக் குல்லாய் மாட்டிக்கொண்டு நின்ற படம் இன்றைக்கும் சுற்றுகிறது.

ஐஸ் உருவாக்குவது தனிக் கலை. பெரிய குளிரூட்டும் இயந்திரம் ஏற்றிய டிரெய்லர் லாரி ஸ்டேடியத்துக்கு வெளியே நிற்கும். உறையாத கிளைக்கால் கலவையைக் குளிரவைத்து, குழாய் வழியே மைதானத்தில் பரப்பியிருக்கும் அலுமினியத் தட்டுகளுக்குள் ஓடவிடுவார்கள். தட்டுகளின் மேல் தண்ணீரை மொத்தமாகக் கொட்டக் கூடாது, பனிப்படலம் போலத் தெளித்துத் தெளித்து அடுக்கடுக்காக உறையவைக்க வேண்டும். உள்ளரங்கில் ஐஸ் ஓர் அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டினால் போதும், வெளியே இரண்டு அங்குலம் வேண்டும். மைனஸ் ஐந்து, ஐந்தரை டிகிரியில் வைத்திருந்தால் உத்தமம்.

பலரும் நினைப்பதற்கு மாறாக, குளிர் போதாதது பெரிய பிரச்சினை இல்லை. லாரி சமாளித்துவிடும். வெயில்தான் எமன். 2021 பிப்ரவரியில் டாஹோ ஏரிக்கரையில், மலைகளுக்கு நடுவே, கொரோனா காலம் என்பதால் பார்வையாளரே இல்லாமல் ஒரு ஆட்டம் வைத்தார்கள். டிவியில் கண்ணைப் பறிக்கிற காட்சி. முதல் பீரியட் முடிவதற்குள் வெயில் ஐஸில் குழி பறித்துவிட்டது. நிறுத்திவிட்டு, மீதியை எட்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்து ராத்திரியில் ஆடினார்கள். அதற்கு நேர்மாறாக 2022 புத்தாண்டு நாளில் மினியாபொலிஸில் மைனஸ் 21 டிகிரி. அங்கே ஐஸ் அளவுக்கு மீறி இறுகி நொறுங்கிவிடாமல் இருக்க லாரி அதைச் சூடாக்க வேண்டியிருந்தது.

ஆக வானிலையை நம்பிக் கடை போட முடியாது. 2008 ஜனவரி 1 அன்று பஃபலோவில் நடந்த முதல் வின்டர் கிளாசிக்கை (லீக்கின் புத்தாண்டு வெளி ஆட்டம்) எல்லோரும் பனிப்பொழிவுக்காக ஞாபகம் வைத்திருக்கிறார்கள். 71,217 பேர் முன்னிலையில், ஷூட்அவுட்டில் பிட்ஸ்பர்க்கின் சிட்னி கிராஸ்பி கடைசி கோலைப் போடும்போது பஞ்சு மாதிரி பனி விழுந்துகொண்டிருந்தது. படமாகப் பார்க்க அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நாளை மனசில் நிறுத்தியது பஃபலோ என்கிற ஊர். ஏரிப்பனி கொட்டுகிற, தொழிற்சாலைகள் மூடிப்போன, லீக்கின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையை ஒருமுறைகூட ஜெயிக்காத அந்த ஊருக்கு உலகம் முழுக்கப் பெயர் வாங்கிக் கொடுத்தது கோழி இறக்கை. ஆங்கர் பாரில் 1964-இல் தெரெசா பெல்லிசிமோ சூப்புக்குப் போகிற இறக்கைகளைப் பொரித்து, வெண்ணெயும் காரச் சாஸும் கலந்து புரட்டினார் என்பது பெருவாரியான கதை. அதே காலத்தில் ஜான் யங் என்கிற கறுப்பினக் கடைக்காரர் தன் பாணி இறக்கைகளை விற்றுக்கொண்டிருந்தார் என்ற கட்சியும் வலுவானது. சிறந்த இறக்கை ஆங்கரிலா, டஃப்ஸிலா என்று ஊருக்குள்ளேயே அடித்துக்கொள்வார்கள். வெளியூர்க்காரர் வந்து தொட்டுக்கொள்ள புளூ சீஸுக்குப் பதிலாக ரேஞ்ச் சாஸ் கேட்டால் மட்டும் எல்லாரும் ஒரே கட்சி.

இந்தக் குணம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். திண்டுக்கல்காரர் மல்லுக்கு நிற்பது ஆம்பூர் பிரியாணியோடுதான், லக்னோ பிரியாணியோடு இல்லை. ஒப்பிடுகிற அளவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், விட்டுக்கொடுக்க முடியாத அளவுக்கு வேறாகவும் இருக்க வேண்டும். விளையாட்டுப் பகையும் அப்படித்தான் பிறக்கிறது. அதைப் பார்க்க பென்சில்வேனியாவை விட நல்ல இடம் இல்லை என்பேன். சொந்த மாநிலம் என்பதால் மட்டும் சொல்லவில்லை.

ஃபிலடெல்பியா மாநிலத்தின் கிழக்கு மூலை, பிட்ஸ்பர்க் மேற்கு மூலை. நடுவே மலைத்தொடர், சுமார் 480 கிலோமீட்டர் சாலை. பிட்ஸ்பர்க்காரருக்கு ஃபிலடெல்பியாவைக் காட்டிலும் ஒஹாயோவின் கிளீவ்லேண்ட் பக்கம். ஆனால் இரண்டு நகரங்களுக்கும் ஒரே மாநில அரசு. ஹாக்கியிலும் ஒரே பிறந்தநாள். லீக் 1967-இல் ஆறிலிருந்து பன்னிரண்டு அணிகளாக விரிந்தபோது ஃபிளையர்ஸும் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸும் சேர்ந்தே நுழைந்தன. நாங்கள் 1974, 1975-இல் அடித்து உதைத்து இரண்டு கோப்பை வாங்கினோம். அப்புறம் அவர்கள் ஐந்து வாங்கிவிட்டார்கள். 2000-ஆம் வருடம் மே மாதம் பிட்ஸ்பர்க்கில் ஐந்தாவது ஓவர்டைம் வரை இழுத்து, கீத் பிரிமோ கோல் போட்டு நாங்கள் ஜெயித்த அந்த ஒரு ராத்திரியைச் சொல்லித்தான் இன்னும் வண்டி ஓடுகிறது.

சாப்பாட்டில் இரண்டு ஊரும் வேறு வேறு தேசம். ஃபிலடெல்பியாவின் தெற்குப் பகுதி இத்தாலியக் குடியேறிகளின் பேட்டை. 1930-இல் பாட் ஒலிவியரி என்கிற ஹாட்டாக் வியாபாரி, மெல்லிசாகச் சீவிய மாட்டிறைச்சியையும் வெங்காயத்தையும் கல்லில் போட்டு வதக்கி, நீள இத்தாலிய ரொட்டிக்குள் வைத்ததுதான் சீஸ்ஸ்டேக் சாண்ட்விச்சின் தொடக்கம். சீஸ் பின்னால்தான் வந்தது. 1966-இல் எதிர்த்த மூலையிலேயே ஜீனோஸ் கடை முளைத்தது. இரண்டு கடையும் ஒன்றையொன்று முறைத்தபடி இன்றைக்கும் விடிய விடிய விற்கின்றன. வரிசையில் நின்று ஆர்டர் சொல்ல ஒரு முறை உண்டு. எந்தச் சீஸ், வெங்காயம் உண்டா இல்லையா, இரண்டே வார்த்தையில் முடிக்க வேண்டும். யோசித்தால் பின்னால் நிற்பவர் உறுமுவார். சமையல்காரர் இரும்புக் கரண்டியால் இறைச்சியைக் கொத்திக் குவித்து, பிளந்த ரொட்டியை அதன் மேல் கவிழ்த்து ஒரே வீச்சில் அள்ளுவார். சீஸ் விஸ் கேட்டிருந்தால் உருகிய அந்த ஆரஞ்சு நிறக் குழம்பை டப்பாவிலிருந்து ஒரு கரண்டி மேலே ஊற்றுவார். 2003-இல் ஜனாதிபதி தேர்தல் களத்தில் இருந்த ஜான் கெர்ரி பிரசாரத்துக்கு வந்த இடத்தில் ஸ்விஸ் சீஸ் கேட்டுவிட்டு, கடைசி வரை அந்தப் பேச்சிலிருந்து மீளவில்லை. என் கட்சி புரொவலோன் சீஸ். விஸ் என்பது சுற்றுலாக்காரர்களுக்கு. இதைச் சொன்னதற்காக எங்கள் பக்கத்திலேயே எனக்குத் திட்டு விழும்.

பிட்ஸ்பர்க் எஃகு ஊர். போலந்து, ஸ்லோவாகியா, உக்ரைன் பக்கத்திலிருந்து உலைக்கு வேலைக்கு வந்தவர்களின் ஊர். அதனால்தான் அங்கே உருளைக்கிழங்கு அடைத்த பியரோகி கொழுக்கட்டை தெருவுக்குத் தெரு கிடைக்கும். பேஸ்பால் ஆட்டத்தின் இடைவேளையில் பியரோகி வேஷம் போட்டு ஓட்டப்பந்தயமே விடுவார்கள். ஊரின் அடையாளச் சாண்ட்விச் பிரிமான்டி. 1930-களில் ஸ்டிரிப் டிஸ்டிரிக்ட் மொத்தச் சந்தையில், ராத்திரி சரக்கு இறக்கும் லாரி டிரைவர்களுக்காக வந்தது. ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கையில் முழுச் சாப்பாடு. அதனால் இறைச்சி, சீஸ், தக்காளியோடு, தட்டில் ஓரமாக இருக்க வேண்டிய உருளை வறுவலும் வினிகர் முட்டைக்கோஸும் ரொட்டிக்குள்ளேயே போய்விட்டன. வாயை எவ்வளவு திறந்தாலும் முதல் கடியில் ஏதாவது ஒன்று மடியில் விழும். பழக்கம் முற்றி, அந்த ஊரில் சாலட் மேலேயும் வறுவலைத் தூவுகிறார்கள். சாலட் கேட்டவர் எதற்காகக் கேட்டாரோ அந்தக் காரணமே போயிற்று.

இறைச்சியும் ரொட்டியும் இரண்டு பக்கமும் உண்டு. வித்தியாசம் யாருக்காகச் செய்தார்கள் என்பதில். ஒன்று பேட்டைத் தெருமுனையில் நின்று சாப்பிட, மற்றது ஓடுகிற லாரியில் பசியடங்க. இந்த விவரமெல்லாம் சண்டை போடுகிறவர்களுக்குத் தேவையில்லை. அவர்களுக்கு நேரடியாக ஒரு எல்லைக்கோடு வேண்டும், அதைப் பெட்ரோல் பங்க் கடைகள் போட்டுக் கொடுத்திருக்கின்றன. கிழக்கே வாவா, மேற்கே ஷீட்ஸ். வாவா 1964-இல் ஃபிலடெல்பியா புறநகரில் தொடங்கியது, ஷீட்ஸ் 1952-இல் ஆல்டூனாவில். இரண்டிலும் பெட்ரோல் போட்டுவிட்டு, தொடுதிரையில் சாண்ட்விச் ஆர்டர் கொடுத்து வாங்கிக்கொண்டு போகலாம். ஒருவரோடு ரெண்டு நிமிஷம் பேசினால் போதும், அவர் எந்தக் கடைக்கட்சி என்பதை வைத்து எந்த அணி என்று சொல்லிவிடலாம். சமீப வருடங்களில் இரண்டு நிறுவனங்களும் எதிராளியின் பகுதிக்குள் கிளை திறக்க ஆரம்பித்திருப்பது ஊரில் அரசியல் செய்தி மாதிரி பேசப்படுகிறது.

இந்த இரண்டு அணிகளும் திறந்தவெளியில் இரண்டு முறை மோதியிருக்கின்றன. 2017 பிப்ரவரியில் பிட்ஸ்பர்க்கின் ஹைன்ஸ் ஃபீல்டில் (கெச்சப் கம்பெனியின் பெயர் வைத்த ஸ்டேடியம், இப்போது பெயர் மாறிவிட்டது) பெங்குவின்ஸ் 4-2. 2019 பிப்ரவரி 23 அன்று ஃபிலடெல்பியாவில் பதில் ஆட்டம். பனி இல்லை, நல்ல மழை. லீக் விற்கிற குளத்துக் கனவுக்கு இதைவிட மோசமான நாள் கிடையாது. ஏறக்குறைய எழுபதாயிரம் பேர் பிளாஸ்டிக் அங்கியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். 1-3 என்று பின்தங்கியிருந்த ஃபிளையர்ஸ், கடைசி சில நிமிடங்களில் ஒன்று போட்டு, கடைசி நிமிடத்தில் யாகுப் வோராசெக் மூலம் சமன் செய்து, ஓவர்டைமில் கிளாட் ஜிரூ கோலில் 4-3 என்று ஜெயித்தது. 2024 வரை ஃபிளையர்ஸ் ஆடிய ஆறு வெளி ஆட்டங்களில் ஜெயித்தது இது ஒன்றுதான். நனைந்த ரொட்டி, ஊறிய செருப்பு, எதிரில் பிட்ஸ்பர்க். எழுந்து போனவர்கள் குறைவு. இதே மழையில் அரிசோனாவோடு ஆடியிருந்தால் இடைவேளையிலேயே பாதி ஸ்டேடியம் காலியாகியிருக்கும்.

சாப்பாட்டை ஹாக்கியோடு நான் வலிந்து முடிச்சுப் போடுவதாக யாரேனும் நினைத்தால், அது ஐஸ் மேலேயே வந்து விழுந்த கதைகள் இருக்கின்றன. 1952-இல் டெட்ராய்ட் ஈஸ்டர்ன் மார்க்கெட்டில் மீன்கடை வைத்திருந்த குசிமானோ சகோதரர்கள் ஓர் ஆக்டோபஸை ஐஸில் எறிந்தார்கள். அப்போது கோப்பைக்கு எட்டு வெற்றி வேண்டும், எட்டுக் கால் அதற்குக் கணக்கு. டெட்ராய்ட் எட்டையும் வரிசையாக ஜெயித்தது, வழக்கம் ஒட்டிக்கொண்டது. எட்மன்டனில் 2006-இல் அல்பர்ட்டா மாட்டிறைச்சித் துண்டுகள் பறந்தன. டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் ரசிகர்களுக்குக் கெளுத்தி மீன். 2017 இறுதித் தொடரில் டென்னசியிலிருந்து ஒருவர் கெளுத்தியைக் கொண்டுவந்து, தட்டையாவதற்காக அதன் மேல் வண்டியை ஏற்றி, உள்ளாடைக்குள் ஒளித்து, பிட்ஸ்பர்க் அரங்குக்குள் நுழைந்து எறிந்தார். போலீஸ் போட்ட வழக்கில் ஒரு பிரிவு, குற்றக் கருவி வைத்திருந்தது. கருவி என்றால் மீன். அப்புறம் வழக்கை வாபஸ் வாங்கினார்கள். அந்த நாட்களில் பிட்ஸ்பர்க்கின் ஹோலீஸ் மீன்கடை, அடையாள அட்டையைப் பார்த்து, டென்னசிக்காரருக்குக் கெளுத்தி கிடையாது என்று திருப்பி அனுப்பியது. ஒரு மீன்கடையே ஊருக்காகக் காவல் காக்கிற அளவுக்குப் போன பகை, ஐஸின் தரத்தைப் பற்றிக் கவலைப்படுமா?

அதே நாஷ்வில் 2020 புத்தாண்டில் டல்லாஸோடு காட்டன் பவுல் ஸ்டேடியத்தில் ஆடியபோது ஒரு பாடம் கிடைத்தது. இரண்டும் தெற்கத்தி அணிகள், பனிக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை, டல்லாஸில் யார் வருவார்கள் என்று வடக்கத்தி ரசிகர்கள் கேலி பேசினார்கள். வந்தது 85,630 பேர். காட்டன் பவுல் இருக்கும் ஃபேர் பார்க், டெக்சஸ் மாநிலக் கண்காட்சி நடக்கிற இடம். அந்தத் திருவிழாவையே ஆட்டத்தோடு சேர்த்து மறுபடி திறந்துவிட்டார்கள். குச்சியில் குத்திய கார்ன் டாக், பொரிக்கக்கூடிய எல்லாவற்றையும் பொரித்து விற்கிற ஸ்டால், மாட்டு நெஞ்சுக்கறிப் புகையல். டென்னசியிலிருந்து வந்தவர்களுக்குப் பார்பிக்யூ என்றால் பன்றி, டெக்சஸில் அது மாடு. சச்சரவுக்கு அது போதுமே.

இந்தப் பாடத்தை லீக் முழுசாகப் படித்ததாகத் தெரியவில்லை. 2026 தொடக்கத்தில் ஃபுளோரிடாவுக்கு இரண்டு வெளி ஆட்டங்கள் போயின. மயாமியில், கூரையை மூடி ஐஸை உறையவைத்து, ஆட்டத்துக்குத் திறந்துவிடுகிற பேஸ்பால் மைதானத்தில் பேந்தர்ஸுக்கு எதிராக நியூயார்க் ரேஞ்சர்ஸ். டாம்பாவில் லைட்னிங்குக்கு எதிராக பாஸ்டன் புரூயின்ஸ். மாநிலத்தின் இரண்டு அணிகளும் பரம வைரிகள். 2020 முதல் 2025 வரை ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடர்களில் ஏதோ ஒன்று தவறாமல் இடம்பிடித்துக்கொண்டே வந்தது. போதாததற்கு இந்த இரண்டு ஊருக்கும் நடுவே அமெரிக்காவின் மிகப் பிடிவாதமான சாண்ட்விச் சண்டை ஒன்று ஓடுகிறது. கியூபன் சாண்ட்விச்சில் பன்றிக்கறி, ஹாம், ஸ்விஸ் சீஸ், ஊறுகாய் வெள்ளரி, கடுகு வரை இருவருக்கும் சம்மதம். சலாமி வைப்பதா கூடாதா என்பதில்தான் அடிதடி. டாம்பாவின் ஈபோர் சிட்டி சுருட்டுத் தொழிற்சாலைகளில் கியூபாக்காரர்களோடு இத்தாலியர்களும் வேலை பார்த்ததால் சலாமி உள்ளே வந்தது. மயாமியில் அது அபசாரம். டாம்பா நகர மன்றம் 2012-இல் தீர்மானமே போட்டு, சலாமியோடு சேர்த்துத் தன் சாண்ட்விச்சை நகரின் அடையாளமாக அறிவித்தது.

இவ்வளவு வெடிமருந்து கையில் இருக்க, அணிகளைப் பிரித்து நியூயார்க்கையும் பாஸ்டனையும் வரவழைத்ததற்கு ஒரே காரணம்தான் எனக்குத் தோன்றுகிறது, டிவி. பெரிய ஊர் ஆடினால் நாடு முழுக்கப் பார்ப்பார்கள் என்கிற கணக்கு. அது வியாபாரக் கணக்காகச் சரியாகவே இருக்கலாம். ஆனால் குளிர்காலத்தில் ஃபுளோரிடாவுக்கு வருகிற பாஸ்டன்காரர் வெயில் காயத்தான் வருகிறார். அவரிடம் சலாமியைப் பற்றி என்ன வம்பு வளர்க்க முடியும்? பேந்தர்ஸையும் லைட்னிங்கையும் எதிரெதிரே நிறுத்தி, வாசலில் இரண்டு விதக் கியூபனுக்கும் பக்கத்துப் பக்கத்தில் ஸ்டால் போட்டால் போதும். ஐஸ் உருகிப்போய் ஆட்டம் இரண்டு மணி நேரம் தள்ளிப்போனாலும் கார் நிறுத்துமிடத்தில் ஒருவரும் கடிகாரம் பார்க்க மாட்டார்கள்.